பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால் மீட்டரை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் போன வாரம் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. காலையில் கார் ஸ்டார்ட் ஆகத் தாமதமானால் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம், நடுவழியில் நிற்பதற்கு முன் மாற்றிவிடுங்கள் என்று அதில் இருந்தது. அவ்வளவுதான், நாலே வரி. திண்டுக்கல்லில் நெடுங்காலமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான், நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களிடம் கேள்வி கேட்கிறேன். அந்தப் பெட்டிச் செய்தி வந்த மறுநாளே ஒருவர் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து "அண்ணே, பேட்டரி போடுங்க" என்றார். அவர் காரின் பேட்டரிக்கு ஒன்றும் இல்லை. பேட்டரி விற்றால் எங்களுக்கு லாபம்தான், அதனால் வியாபாரி பேச்சாக இதை எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

ஸ்டார்ட் ஆகத் தாமதம் என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, சாவியைத் திருப்பினால் இன்ஜின் எப்படிச் சுற்றுகிறது என்பதுதான். "ர்ர்ர்... ர்ர்ர்..." என்று உயிரில்லாமல் இழுக்கிறதா, இல்லை நன்றாக, வழக்கமான வேகத்தில் கறகறவென்று சுற்றியும் பற்றிக்கொள்ள நாலைந்து விநாடி எடுக்கிறதா? இந்த இரண்டும் வேறு வேறு கோளாறு. ஒன்றுக்குப் போடும் பாகத்தை இன்னொன்றுக்குப் போட்டால் காசு போகும், கோளாறு போகாது. முதல் வகை கரண்ட் சம்பந்தப்பட்டது: பேட்டரி, ஒயர், எர்த் (கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), செல்ஃப் மோட்டார் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்), அபூர்வமாக இன்ஜினே இறுகியிருப்பது. இரண்டாவதில் செல்ஃப் தன் வேலையைச் செய்துவிட்டது, பெட்ரோலோ தீப்பொறியோ நேரத்துக்கு வரவில்லை. அதற்குப் புதுப் பேட்டரி வைப்பது வீண். மூன்றாவதாக, சுற்றவே சுற்றாமல் "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வருவதும் உண்டு, அது முதல் வகையின் முற்றிய நிலை. எந்த வகை என்று உங்களுக்கே குழப்பமாக இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டைச் செல்போனில் பதிவு செய்து மெக்கானிக்கிடம் போட்டுக் காட்டுங்கள். கடைக்கு ஓட்டி வந்த பிறகு சூடான இன்ஜின் சட்டென்று பிடித்துக்கொள்ளும், அவரும் "நல்லாத்தானே இருக்கு சார்" என்பார், நீங்களும் தலையைச் சொறிந்துகொண்டு திரும்புவீர்கள். இது தினமும் நடக்கிறது.

சரி, இழுத்து இழுத்துச் சுற்றுகிற வகையை எடுத்துக்கொள்வோம். 400, 500 ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. கார் வைத்திருக்கிற எல்லாரும் ஒன்று வாங்கி வைக்கலாம், வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர் பார்க்கவும் உதவும். ராத்திரி முழுக்க வண்டி நின்ற பிறகு, கதவைக்கூடத் திறக்காமல் இருந்தால் இன்னும் நல்லது, பானெட்டைத் தூக்கிப் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டோ அதற்குக் கொஞ்சம் மேலோ இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் இருக்கிறது, அந்த நிலையில் செல்ஃப் இழுக்கத்தான் செய்யும், ஆனால் அதனால் மட்டும் பேட்டரி செத்துவிட்டது என்று ஆகிவிடாது. சார்ஜ் இல்லாத பேட்டரியும் கெட்டுப்போன பேட்டரியும் ஒன்றல்ல. வண்டியை ஓட்டி வந்து நிறுத்தின உடனே பார்த்தால் மீட்டர் 12.9, 13 என்று பொய் சொல்லும், அந்த மேல்சார்ஜ் இறங்க ஹெட்லைட்டை இரண்டு மூன்று நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

நின்றபடி எடுக்கும் அளவு பாதிக் கதைதான். மீட்டரை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை உட்காரவைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டால் அளவு பார்க்க முடியாது, அதற்கு ஒரு வழி இருக்கிறது: ஆக்சிலேட்டரை அடிவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பல இன்ஜெக்ஷன் வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், இன்ஜின் சும்மா சுற்றும். மூன்று நான்கு விநாடி போதும். அந்த நேரத்தில் மீட்டர் 10-க்கு மேல் நின்றால் பேட்டரி நல்ல பேட்டரி. 9.6-க்குக் கீழே விழுந்தால், அதுவும் முழு சார்ஜில் இருந்தும் விழுந்தால், அப்போது பேட்டரியைச் சந்தேகப்படலாம். மூடி திறக்கிற வகைப் பேட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு அறையையும் பார்த்துவிடலாம். ஐந்து அறை ஒரே மாதிரி காட்டி ஒன்று மட்டும் 50 புள்ளி (அதாவது 0.050) கீழே நின்றால் அந்த செல் போய்விட்டது, எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் வராது. இது மாதிரி நிரூபித்துக் காட்டிவிட்டு மாற்றச் சொன்னால் நானே நல்ல பேட்டரியாகப் பார்த்துத் தருகிறேன்.

இனிதான் முக்கியமான விஷயம், பெட்டிச் செய்தியில் ஒரு வார்த்தைகூட வராத விஷயம். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வாத்தியார், பத்து வருஷம் தாண்டிய சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். காலையில் செல்ஃப் இழுக்கிறது என்று வேறோர் இடத்தில் காட்டி, பேட்டரி புதுசு போட்டார். ஒரு வாரம் பரவாயில்லை என்று தோன்றியதாம், அப்புறம் பழையபடி. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினார்கள். அப்போதும் அதே இழுப்பு. "இதுக்கு மேல என்னத்தண்ணே மாத்துறது, வண்டியையே மாத்திரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். பேட்டரியில் மீட்டரை வைத்தால் 12.5. செல்ஃப் அடிக்கும்போது 10.7. பேட்டரிக்குக் குறையே இல்லை. ஆனால் இன்ஜின் இழுக்கிறது. மீட்டரின் கறுப்பு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வைத்து, சிவப்பு முள்ளை இன்ஜின் பிளாக்கில் துருப்பிடிக்காத ஓர் இடத்தில் அழுத்திப் பிடித்து மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னேன். மீட்டர் 2.1 வோல்ட் காட்டியது. அந்த இடத்தில் 0.2-க்கு மேல் காட்டவே கூடாது. பாசிட்டிவ் பக்கம் 0.3 போயிருந்தது, அது பரவாயில்லை. ஆக, பேட்டரி கொடுக்கிற 10.7-இல் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 8.3 மட்டும்.

கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வருகிற எர்த் பட்டையைப் பார்த்தோம். அதை ஏற்றி முடுக்கியிருந்த போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, பட்டையின் ஒரு ஓரம் இழை இழையாக அறுந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால் கிளட்ச் கேபிளைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. எர்த் பட்டை வழியாகத் திரும்ப முடியாத கரண்ட், கிடைத்த இரும்பையெல்லாம் வழியாக்கிக்கொண்டு அந்தக் கேபிளில் ஓடியிருக்கிறது. கேபிள் காரணமில்லாமல் சுடுகிறது என்றால் எர்த்தைப் பாருங்கள், இது பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் பட்டை ஏற்றி, ஸ்டார் வாஷர் வைத்து முடுக்கின பிறகு அளவு 0.1-க்கு வந்துவிட்டது. பட்டையின் விலை ஒரு பிரியாணிக்குள் அடங்கும். வாத்தியார் அதற்கு முன் செலவழித்த தொகையை நான் இங்கே எழுதவில்லை, அவர் வீட்டில் இந்தப் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.

இது ஏன் மற்றவர்கள் கண்ணில் படவில்லை? மீட்டர் இருந்தும் எங்கே வைப்பது என்ற பழக்கம் இல்லை. எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நிறையப் பேர் மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து இரண்டு பக்கமும் தொடுவார்கள். பீப் என்றதும் "எர்த் ஓகே". அறுந்துபோய் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அந்த பீப் வரும். சின்ன பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டாரே நூறிலிருந்து இருநூறு ஆம்பியர் வரை இழுக்கிறது, டீசலில் இன்னும் அதிகம். 150 ஆம்பியர் ஓடுகிற வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே தின்றுபோகும். அந்த நூறில் ஒரு பங்கை நம் 500 ரூபாய் மீட்டரின் ஓம் பகுதி காட்டவே காட்டாது. மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, குழாயில் பாசி அடைத்திருக்கிறது என்கிற கதைதான். தண்ணீரைத் திறந்துவிட்டால்தான் அடைப்பு தெரியும். அதனால்தான் செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போது அளக்கச் சொல்கிறேன். பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய ஸ்டட்டுக்கும் நடுவில், சுற்றும்போது 0.5-க்குள் இருக்க வேண்டும். முனை என்று நான் சொல்வது பேட்டரியின் ஈயக் குமிழை, அதன் மேல் ஏற்றியிருக்கிற கிளாம்ப்பை அல்ல. கிளாம்ப்புக்கும் குமிழுக்கும் இடையிலேயே ஒரு வோல்ட் போகிற வண்டிகளை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். கிளாம்ப்பைக் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீர் ஊற்றிப் பூத்ததைக் கரைத்து, கம்பிப் பிரஷ் போட்டு, காய்ந்த பிறகு முடுக்கி மேலே வாசலின் தடவினால் முடிந்தது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

பேட்டரி சரி, இரண்டு பக்க ஒயரும் சரி, அப்போதும் இழுக்கிறது என்றால்தான் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டும். பிரஷ் தேய்ந்திருக்கும், புஷ் தேய்ந்து, உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் மோட்டாரின் உடம்பில் உரசும், மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சாலினாய்டுக்குள் இருக்கும் செம்புக் காண்டாக்ட் கருகியிருக்கும். வண்டி சூடானால் மட்டும் இழுக்கிறது, ஆறினால் சரியாகிறது என்பதும் பெரும்பாலும் இந்த மோட்டாரின் வேலைதான், சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிற மாடல்களில் அதிகம் வரும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் அரை நிமிடம் சாவியை விடாமல் பிடிக்கிறார்கள். செல்ஃப் மோட்டார் அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் காடிலாக் காருக்காக இதை உருவாக்கினார், 1912 மாடலில் வந்தது. அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின் மோட்டார் பொருத்திய ஆள் அவர். கல்லாப்பெட்டி திறக்க மோட்டார் ஒரு நொடி பலமாக வேலை செய்தால் போதும், நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஆகவே சின்ன மோட்டாரில் அளவுக்கு மீறிய கரண்ட்டைச் சில விநாடிக்கு மட்டும் ஏற்றலாம் என்று கண்டுகொண்டார். காரிலும் அதே கணக்குதான், இன்றைக்கும். பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், ஒரு நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி அடியுங்கள். பேட்டரி போனதும் செல்ஃப் போனதும் ஒரே நாளில் என்று வருகிற வண்டிகளில் பாதி, சாவியை விடாமல் பிடித்ததில் வந்தவை.

பேட்டரியில் சார்ஜ் ஏன் குறைகிறது என்று பார்க்காமல் புதுப் பேட்டரி வைத்தால் அதுவும் கொஞ்ச நாளில் அதே வழியில் போகும். இன்ஜின் ஓடும்போது மீட்டர் 13.8-இலிருந்து 14.5 வரை காட்டினால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. புதிய சில மாடல்களில் மைலேஜுக்காகக் கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்து வைக்கும், அதில் அவ்வப்போது 13-க்குக் கீழே காட்டினால் பயப்பட வேண்டாம், ஹெட்லைட்டும் ஏசியும் போட்டுப் பாருங்கள், ஏறும். வண்டி பூட்டி நிற்கும்போது கரண்ட் தின்பவை தனிக்கூட்டம்: பின்னால் போட்ட ஸ்டீரியோ, டேஷ்கேம், ஜிபிஎஸ், அணையாத டிக்கி லைட். பூட்டி அரை மணி நேரம் கழித்து, எல்லாம் தூங்கிய பிறகு, 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 50 என்றாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் போகிறது, சின்ன காரின் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர்-அவர்தான். இதுவே 300 மில்லி ஆம்பியர் கசிகிற வண்டியை ஏர்போர்ட்டில் நிறுத்திவிட்டு ஒரு வாரம் போனால் திரும்பி வரும்போது என்ன இருக்கும்? தினமும் வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று ஓடுகிற வண்டிக்கும் இதே கதிதான், எடுத்த சார்ஜ் திரும்ப ஏறுவதற்குள் அணைத்துவிடுகிறோம். வாரம் ஒரு முறை வத்தலக்குண்டு வரையாவது ஒரு ஓட்டு ஓட்டி வாருங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று நம்மூரிலும் சொல்கிறார்கள். அங்கே மைனஸ் பத்து, இருபது. நமக்கு வில்லன் வெயில். பானெட்டுக்குள் இருக்கிற சூட்டில் தண்ணீர் வற்றுகிறது, தகடு அரிக்கிறது, மற்ற இடத்தில் ஐந்து வருஷம் வரும் பேட்டரி இங்கே மூன்றில் கண்ணை மூடுகிறது. மூன்று வருஷம் தாண்டியதா என்று கேட்பது நியாயமான கேள்விதான், அதை நான் மறுக்கவில்லை. கொடைக்கானல், ஊட்டிக்காரர்கள் விஷயம் வேறு. அங்கே விடியற்காலையில் ஆயிலே கெட்டியாகி இழுக்கும், இளகலான 5டபிள்யூ-30 ஆயில் போட வேண்டிய இன்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது இரண்டாவது வகை, நன்றாகச் சுற்றியும் பிடிக்க நேரமாகிறது என்பது. பெட்ரோல் இன்ஜெக்ஷன் காரில் இதற்குப் பைசா செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. காலையில் சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல் ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பின் சீட்டுக்கு அடியில் இரண்டு மூன்று விநாடி "உய்ய்ங்" என்று மெல்லிய சத்தம் கேட்கும், டேங்கில் இருக்கும் பம்ப் ஓடுகிறது. நின்றதும் சாவியை அணைத்து மறுபடி ஆன். இப்படி மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் அடியுங்கள். பட்டென்று பிடித்துக்கொண்டால், கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிட்டது: ராத்திரி முழுக்க லைனில் நிற்க வேண்டிய பிரஷர் நிற்கவில்லை. பம்ப்போடு இருக்கும் திரும்பவிடா வால்வு கசிகிறது, அல்லது ஏதோ ஓர் இன்ஜெக்டர் சொட்டுகிறது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதிக்காமல் பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் ஆன் நிலைக்கு வரும். பம்ப் சத்தமே கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலேயைப் பாருங்கள், உடனே பம்ப்பை மாற்ற ஓடாதீர்கள். சத்தம் கேட்டும், மூன்று தடவை ஆன் செய்தும் மாற்றமில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த வேறு இடங்களில் எனக்குப் பிடித்தது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். சின்னச் சாமான், ஆனால் காலை ஸ்டார்ட்டுக்கு எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று கம்ப்யூட்டர் இதைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. அந்தக் கால அம்பாசடரில் சோக் இழுத்தோமே, அந்த வேலையை இப்போது இதுதான் பார்க்கிறது. அதை நம்பாமல் இன்னும் சிலர் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆக்சிலேட்டரை நாலு மிதி மிதிக்கிறார்கள், கார்புரேட்டர் போன பிறகு அதனால் பயன் ஒன்றுமில்லை. ஆறிய இன்ஜினை இந்தச் சென்சார் 60 டிகிரி சூடாக இருப்பதாகக் காட்டினால் பெட்ரோல் குறைவாக வரும், சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சூடான இன்ஜினைக் குளிர்ந்ததாகக் காட்டினால் பெட்ரோல் கூடி பிளக் நனையும், டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்து எடுக்கும்போது திணறும். டேஷ்போர்டில் லைட் எதுவும் எரியாது, ஏனென்றால் 60 என்பது நடக்கக்கூடிய ஓர் அளவுதான், கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வராது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற ஓபிடி புளூடூத் கருவியை (காரின் கம்ப்யூட்டர் படிக்கும் அளவுகளைச் செல்போனுக்கு அனுப்பும் கருவி) மாட்டி, விடிகாலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலன்ட் சூட்டையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் செல்போனில் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், திண்டுக்கல் காலை என்றால் இரண்டும் 25-ஐ ஒட்டி. ஒன்று 26, மற்றது 58 என்றால் திருடன் அகப்பட்டான். மைனஸ் 40 காட்டினால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கிறது.

அதே கருவியில் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் எவ்வளவு என்றும் பாருங்கள். 200-ஐ ஒட்டிக் காட்டினால் சரி. இன்ஜின் சுற்றுவது காதில் கேட்கிறது, கருவியில் பூஜ்யம் என்றால், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான் கோளாறு. இது சூடானால் செத்து, ஆறினால் உயிர் வரும் ஜாதி, ஹைவேயில் நிறுத்தி ஆளைக் கூப்பிடுவதற்குள் தானாகவே ஸ்டார்ட் ஆகி நம்மைப் பொய்யனாக்கும். ஸ்பார்க் பிளக், த்ராட்டில் பாடியில் படிந்த கரி, அடைத்த ஏர் ஃபில்டர் எல்லாம் உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே பல தடவை வந்தவை, அதனால் விடுகிறேன். கேஸில் ஓடும் வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: டேங்கில் இரண்டு லிட்டர் பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும் கேஸ் கிட் என்றால் அந்தப் பழைய பெட்ரோல்தான் காலையில் உங்களைப் படுத்துகிறது. பம்ப்பும் பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் குளிர்ச்சியாக இருக்கும்.

டீசலுக்கு வந்தால், சமவெளியில் காலை ஸ்டார்ட் தாமதத்துக்கு எல்லாரும், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைச் சொல்கிறார்கள். மலையில் சரி, மதுரையில் அதைக் கடைசியாகப் பாருங்கள். காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) அந்தக் குழாயின், அதாவது ரெயிலின், பிரஷர் சுமார் 200 பார் அளவுக்கு ஏறாமல் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. இன்ஜெக்டர் தேய்ந்து டீசலைத் திரும்பும் குழாய் வழியாக விட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பிரஷர் ஏற நேரமாகும், செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். நாலு இன்ஜெக்டரின் திரும்பும் குழாயையும் கழற்றி நாலு சின்னப் பாட்டிலில் விட்டு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டினால், எந்தப் பாட்டில் சீக்கிரம் நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர்தான் ஆள். அது ஒன்றை மட்டும் பார்த்தால் போதும் என்கிற வண்டிக்கு நாலையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் எழுதுகிற இடங்கள் உண்டு, நாலு பாட்டில் அந்த எஸ்டிமேட்டை முக்கால்வாசி குறைக்கும். ஒரு எச்சரிக்கை, இதைத் தெரிந்த மெக்கானிக்கை வைத்துத்தான் செய்ய வேண்டும், ஓடும் இன்ஜினில் ரெயில் பக்கம் கை வைக்கக் கூடாது. அதற்கும் முன்னால் டீசல் ஃபில்டரில் தண்ணீர் நிற்கிறதா, லைனில் காற்றுக் குமிழி ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எத்தனால் பெட்ரோல் வந்த பிறகுதான் இப்படி என்று சொல்லாத ஆள் இப்போது கடைக்கு வருவதில்லை. எத்தனால் ஆவியாக அதிகச் சூடு வேண்டும் என்பது உண்மை. பிரேசிலில் முழு எத்தனாலில் ஓடிய கார்களில் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே பானெட்டுக்குள் ஒரு குட்டிப் பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள். நம்மிடம் கலப்பது 20 சதவீதம், நம் காலைச் சூடு 25 டிகிரி. பழைய வண்டியின் ரப்பர் குழாய்க்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று கவலைப்படுவது நியாயம், மைலேஜ் குறைவதும் நியாயமான புகார்தான். காலையில் ஐந்து விநாடி தாமதத்துக்கு அதைக் காரணம் காட்டுவதற்கு முன்னால் மேலே சொன்ன சாவிச் சோதனையைச் செய்யுங்கள், அது இரண்டு நிமிட வேலை.

கடைசியாக, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணம். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களிடமும் பெரிய சர்வீஸ் சென்டர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஸ்டார்ட் தாமதம் என்று வரும் வண்டியின் ஜாப் கார்டில் நாலு அளவை எழுதிக் கொடுங்கள்: நின்றபோது எவ்வளவு வோல்ட், சுற்றும்போது எவ்வளவு, எர்த் பக்கம் எவ்வளவு போகிறது, ஓடும்போது சார்ஜ் எவ்வளவு. எடுக்கப் பத்து நிமிடம் ஆகாது. ஆள் வைத்துச் செய்வதால் அதற்கு நூறு ரூபாய் தனியாகக் கேளுங்கள், கொடுப்பார்கள், நான் வாங்குகிறேன். "செக் செய்தோம், பேட்டரி வீக்" என்று எழுதினால் அது சோதனை ஆகாது. வண்டிக்காரர்களும் பேட்டரியோ செல்ஃபோ மாற்றச் சொன்னால் இந்த அளவைக் கேளுங்கள், மாற்றிய பழைய பாகத்தைக் கண்ணால் பாருங்கள். பழைய பேட்டரியைத் திரும்பக் கொடுத்தால் விலையில் கழிக்க வேண்டும், பில்லில் அந்தத் தொகை தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சிக்னலில் தானாக இன்ஜின் அணைந்து எழும் வகைக் கார் என்றால் சாதாரணப் பேட்டரியை வைத்து அனுப்பிவிடுகிறார்கள், அதற்கென்று உள்ள வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆசிரியர் அவர்கள் இந்தக் கடிதம் முழுவதையும் போட இடமில்லை என்றால் வாத்தியார் காரின் பகுதியையும் சாவிச் சோதனையையும் மட்டுமாவது அதே வாகனப் பக்கத்தில் போடுங்கள். மீட்டரின் இரண்டு முள்ளும் எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு படம் வேண்டுமென்றால் உங்கள் நிருபரைக் கடைக்கு அனுப்புங்கள், காலை எட்டு மணிக்குமேல் எப்போது வந்தாலும் ஏதாவது ஒரு வண்டி பானெட் திறந்து நிற்கும்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்காரர் ஒருவர்,
திண்டுக்கல்.